சந்திரி ஒளிந்துகொள்ளவில்லை

சென்ற மாதம் பரிசு பெற்ற நாவலின் பாராட்டுரையை ஒரு சிற்றிதழ் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. நெருக்கடிநிலையில் காதலர் இருவர் அரசியலிலிருந்து தப்பிக் கலைக்குள் அடைக்கலம் புகுந்தார்களாம். நாவலாசிரியர் அதை ஏற்காட்டில் நம் கரடியூரில் தங்கித்தான் எழுதினாராம். நடுவர்களுக்குக் கலை என்பது ஏற்காட்டில் வார இறுதிக்கு எடுக்கும் அறை போலிருக்கிறது. இங்கே காப்பித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் மலையாளிப் பழங்குடியினரைக் கேட்டால் தெரியும், இந்தப் பனி யாருக்கு அடைக்கலம் என்று. அது கிடக்கட்டும்.

நெருக்கடிநிலையை நிஜமாகவே சந்தித்த கலைத் தம்பதி பட்டாபிராம ரெட்டியும் சிநேகலதாவும் எதற்குள் ஒளிந்தார்கள்? கணவர் 1939-லேயே தெலுங்கில் 'ஃபிடேலு ராகால டஜன்' என்று தொகுப்பு போட்ட குறும்புக்காரக் கவிஞர். மனைவி மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். இருவரும் சோசலிஸ்ட் தலைவர் லோகியா வழி. அனந்தமூர்த்தியின் கன்னட நாவல் 'சம்ஸ்காரா'வைக் கணவர் படமாக்க, மனைவி அதில் சந்திரியானார். மெட்ராஸ் தணிக்கைக்காரர்கள் முதலில் தடுத்தார்கள். தடை நீங்கியதும் 1970-க்கான தேசிய விருதே கிடைத்தது.

அந்தச் சந்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தலையங்கம் திசைமாறும், மாறட்டும். அவளோடு வாழ்ந்த, ஆசாரம் மீறிய பிராமணன் நாரணப்பாவின் பிணம் நாறுகிறது, அதை எரிக்கலாமா என்று அக்கிரகாரம் சாஸ்திரம் புரட்டுகிறது. அவளோ தகனச் செலவுக்கு நகைகளைக் கழற்றி வைக்கிறாள். அதற்கும் சண்டைதான் மூள்கிறது. கடைசியில் தானே ஆள் பிடித்து இரவோடிரவாகப் பிணத்தை எரித்துவிடுகிறாள். தீர்ப்புச் சொல்லவேண்டிய ஆசாரியார் மட்டும் படம் முடியும்வரை யோசித்துக்கொண்டே இருக்கிறார். நம் விமர்சகர்கள் அரை நூற்றாண்டாக அவர் பக்கமே சாய்வது தற்செயலா?

நெருக்கடிநிலையின்போது, 1976 மே மாதம், அரசுக்கு எதிராக வெடிவைக்கச் சதி என்று போட்ட பரோடா டைனமைட் வழக்கில் சிநேகலதாவைப் பிடித்தார்கள். எட்டு மாதம் பெங்களூர் மத்தியச் சிறை. கடும் ஆஸ்துமா. இரவில் அவர் அலறல் கேட்டதாக அங்கே அடைபட்டிருந்த சோசலிஸ்ட் தலைவர் மது தண்டவதே எழுதியிருக்கிறார். சிநேகலதா உள்ளேயும் சும்மா இருக்கவில்லை. பெண் கைதிகளை அடிப்பதை எதிர்த்தார், குறிப்பேடு எழுதினார். குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. 1977 ஜனவரி 15-இல் பரோலில் விட்டார்கள். 20-ஆம் தேதி இறந்துபோனார். எந்தக் கலை காப்பாற்றியது? இருவரையும் சோசலிஸ்ட் தோழர்களோடு ஒரே வீட்டில் உட்காரவைத்தது கலைதான். அந்த வீட்டுக்குத்தான் போலீஸ் வந்தது.

அதே ஜனவரியில், சென்னைச் சிறையில் அடிபட்ட, விசாரணையின்றி அடைக்கும் மிசா சட்டத்தில் கைதான தி.மு.க.வின் சிட்டிபாபுவும் செத்தார். இலக்கியத்தில் உருவமா உள்ளடக்கமா என்று அன்று சிற்றிதழ்களில் மல்லுக்கு நின்றவர்கள், இன்று பரிசுக்குழுவில் உட்கார்ந்து காதலர்களுக்கு அடைக்கலம் தருகிறார்கள். 1977-இன் தமிழ்ச் சிற்றிதழ் எதிலாவது இவ்விரு மரணங்களும் பதிவாகியிருந்தால் நகல் அனுப்புங்கள். தபால் செலவு நம்முடையது.