இடமாற்றமும் இடப்பெயர்வும்



கொட்டாஞ்சேனையில் எங்கள் பெண்கள் குழுவின் சென்ற மாதக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தாயும் மகளும் மட்டும் போகாமல் நின்றார்கள். இருவரையும் எனக்கு நெடுநாளாகத் தெரியும். அவர்களைப் பற்றி எழுத அவர்களே சம்மதம் தந்தார்கள். பெயரை மட்டும் தவிர்க்கிறேன். மகள் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து ஓராண்டாகிறது. அவளுடைய கோப்பில் மூன்று விண்ணப்பப் படிவங்கள் இருந்தன. மூன்றும் அரசாங்கச் சட்டப் பதவிகளுக்கானவை.

"அக்கா, அம்மாவுக்கு நீங்களாவது சொல்லுங்கோ. இலங்கையில எந்தப் பகுதியிலயும் வேலை செய்யத் தயாராய் இருக்கோணும் எண்டு போட்டிருக்கு. அம்மா கையெழுத்து வைக்க விடுறா இல்லை."

தாய் என்னைப் பார்க்கவில்லை. "நான் பெயர்ந்தது காணும் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அவர் 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியவர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் பதுங்குகுழி வெட்டி, கணவரை வழியில் இழந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலைக் கடந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்தவர். பிறகு கொட்டாஞ்சேனையில் ஓர் உறவினர் வீட்டு அறை. தையல் மெசினை மிதித்தே மகளைப் படிப்பித்தார். மகளுக்கு அது இடமாற்றம். தாயின் காதில் அது இடப்பெயர்வு என்றே விழுகிறது. இரண்டு சொற்களும் ஒன்றல்ல என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய உடம்புக்கு அது தெரியாதே!

இந்தத் தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. "பொம்பிளைப் பிள்ளையைத் தனிய அனுப்புறதோ?" என்று ஊர் கேட்கும். "கிடைத்த அரசாங்க வேலையை விடுறதோ?" என்றும் அதே ஊர்தான் கேட்கும். ஆகவே ஊருக்குப் பதில் சொல்வதை விட்டு, எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வீட்டுக்குள் எப்படித் தீர்மானிப்பது என்று இந்த முறை பேசுவோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாச் சட்டப் பதவியும் ஒரே மாதிரி ஊர் மாற்றாது. சட்ட வரைஞர் திணைக்களத்தின் வேலை கொழும்பிலேயே. அமைச்சுகளிலும் திணைக்களங்களிலும் உள்ள சட்ட உத்தியோகத்தர் பதவிகளும் பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில்தான் இருக்கும். சட்டமா அதிபர் திணைக்களம் இருப்பது புதுக்கடையில். ஆனால் அரச சட்டவாதி வெளிமாவட்ட மேல் நீதிமன்றங்களுக்கும் போய் வழக்குப் பேச வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வடக்கு கிழக்கு உட்பட மாவட்டங்களில் நிலையங்கள் உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. நீதிச்சேவை வேறு வகை. நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பதும் இடம் மாற்றுவதும் நீதிச்சேவை ஆணைக்குழு. அதில் சேருகிறவர் பெட்டியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டே இருக்கத் தயாராக வேண்டும். ஆகவே எவ்வளவு தூரம் என்ற கேள்வியின் பாதி, எந்தப் பதவி என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்ததாக, அந்தப் பிள்ளையிடம் ஒரு கொப்பித் தாளில் மூன்று வட்டம் கீறச் சொன்னேன். முதல் வட்டம், இரவுக்கு வீடு திரும்பக்கூடிய இடங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடைக்கு நடந்தே போகலாம். கம்பஹா, நீர்கொழும்பு, களுத்துறைக்கு பஸ்ஸில் போய்வரலாம். இரண்டாவது, வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பக்கூடிய குருநாகல், கண்டி, புத்தளம். மூன்றாவது, மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் வரக்கூடியவை. திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர், மட்டக்களப்பு 300 இற்கும் மேல், யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400. வெள்ளவத்தையில் பின்னேரம் பஸ் ஏறினால் விடியற்புறம் யாழ்ப்பாணத்தில் இறங்கலாம்.

வட்டங்களைக் கீறி முடித்ததும் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். மற்ற மாகாணங்களில் பொதுவாகச் சிங்களம். உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். "அக்கா, கிட்ட இருக்கிற கோட்டில மொழி எனக்குத் தூரம். தூர இருக்கிற கோட்டில மொழி எனக்குக் கிட்ட" என்றாள். ஆம், கொழும்பில் இருக்கத் தீர்மானிக்கிற தமிழ்ப் பிள்ளையும் ஒரு தூரம் போகத்தான் வேண்டும். அது சிங்கள வகுப்புக்குப் போகும் தூரம். 2007 முதல் அரச சேவையில் புதிதாகச் சேர்வோர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. ஆகவே எங்கே போனாலும் அந்த வகுப்பு வீண்போகாது.

மூன்றாவது வட்டத்தில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். அங்கே யார் காத்திருக்கிறார்கள்? வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும். கணவர் காணாமல் போயிருந்தால் யாரிடம் சம்மதம் கேட்பது? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை அவளுக்குத் தமிழில் எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பம், அவர் காணாமல் போயுள்ளார் என்றே ஒரு சான்றிதழ் பெற 2016 இல் சட்டம் வழிசெய்தது. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இவற்றையெல்லாம் ஒரு பெண், இன்னொரு பெண்ணிடம்தான் மனம்விட்டுக் கேட்பாள்.

இதைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் தியாகத்துக்கு அனுப்ப நான் விரும்பவில்லை. ஏனென்றால் நானே ஒருமுறை அந்தப் பிழையைச் செய்தவள். சமூகவியல் பட்டத்தோடு வெளிவந்த ஆண்டில், கிழக்கில் ஒரு வேலைக்கு எங்கேயும் வருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். வெள்ளவத்தையில் அப்பாவுக்கு நீரிழிவு மருந்தை நேரத்துக்கு யார் கொடுப்பது என்று நான் யோசிக்கவில்லை. மூன்றாம் மாதம் வேலையை விட்டுத் திரும்பினேன். என்னை நம்பித் தங்கள் கதைகளைச் சொல்லத் தொடங்கியிருந்த பெண்கள், அடுத்து வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. போகாமல் இருந்திருந்தால்கூட அவர்களுக்கு அவ்வளவு கஷ்டம் வந்திராது.

ஆகவே கையெழுத்து வைக்கும் முன்னர் வீட்டில் இருந்து இவற்றைக் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவரோடு இரவில் யார் படுப்பார்கள்? வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள்? ஆளின் பெயரைச் சொல்லுங்கள். "ஆரும் இருப்பினம்" என்பது பதிலல்ல.

இரண்டு வாடகை, இரண்டு சமையல், பஸ் காசு போக முதல் மாதச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்?

போகிற ஊரில் தங்க நம்பிக்கையான வீடு உண்டா? இல்லையென்றால் முதல் மாதம் எங்கே?

நியமன நிபந்தனையில் இடமாற்றம் பற்றி என்ன எழுதியிருக்கிறது? முதல் நியமன இடத்தில் குறைந்தது எத்தனை வருடம்? சொந்த வேண்டுகோளில் மாறலாமா? வேறொருவரோடு ஒத்துமாறலாமா? "பிறகு ஆரையும் பிடிச்சு மாத்தலாம்" என்ற நம்பிக்கையில் மட்டும் போகாதீர்கள். பிடிக்க ஆள் இல்லாதவர்கள்தான் நாங்கள். எங்களுக்கு எழுத்தில் உள்ளதுதான் துணை.

கடைசியாக, பிள்ளைக்கு உண்மையில் போக விருப்பமா? கல்யாணம் பேசும் வயது, தம்பியின் படிப்பு என்று எல்லாருடைய காரணத்தையும் கேட்ட பிறகு, அவளுடைய காரணத்தையும் கேளுங்கள்.

இவ்வளவும் பேசியபோது தாய் ஒன்றும் சொல்லாமல் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏ9 பாதையை 2006 இல பூட்டினவங்கள். போனவை அங்க, வந்தவை இங்க எண்டு நிண்டவை. இப்ப பூட்டமாட்டினம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. தெரியும் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பாதை ஓகஸ்ட் மாதத்தில் மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின்னரே மீண்டும் திறந்தது. அவர் தூரத்துக்குப் பயப்படவில்லை. திரும்பி வரமுடியாமல் போவதற்கே பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. இடமாற்றத்துக்கு ஒரு திகதி உண்டு, சம்பளம் உண்டு, லீவு உண்டு, திரும்பும் பஸ் உண்டு. இடப்பெயர்வுக்கு இவை ஒன்றும் இருக்கவில்லை. மகள் தாயின் பக்கத்தில் இருந்து இதை மெதுவாகச் சொன்னாள். சட்டம் பேசும் குரலில் அல்ல, மகளின் குரலில்.

சென்ற கிழமை இருவரும் மீண்டும் வந்தார்கள். தீவு முழுவதும் சுழல வேண்டிய பதவிக்கான படிவத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கொழும்புப் பதவிக்கு ஒன்று அனுப்பியாயிற்று. சிங்கள வகுப்பிலும் சேர்ந்துவிட்டாள். மாவட்ட நிலையத்துப் பதவிக்கான மூன்றாவது படிவத்தில் விரும்பும் இடங்கள் என்ற வரிக்கு நேரே கொழும்பு, வவுனியா, கிளிநொச்சி என்று எழுதியிருந்தாள். கிளிநொச்சியை எழுதச் சொன்னது தாய்தான்.

"கிளிநொச்சியில வீடு எடுத்தால் நானும் வருவன்" என்றார். "ஆனால் பரந்தனில கிழக்க திரும்புற றோட்டால என்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். அங்கால எனக்கு ஏலாது."

தன் எல்லையை அவரே கீறிவிட்டார். எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கூடு இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஓர் எல்லை இருக்கும். சகோதரிகளே, படிவத்தை நிரப்பும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்படி நடந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.