பத்து நிமிட வேலையா?

“இதுக்கு 150 வெள்ளியா? என் மகளே கைப்பேசியில பத்து நிமிஷத்துல செஞ்சிடுவா!”

வரைகலை படிப்பை முடித்த கையோடு, உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழுக்கு விலை சொன்னபோது மாமா ஒருவர் எனக்குத் தந்த பதில் இது.

அவர் சொன்னது பொய்யில்லை. 2013இல் அறிமுகமான கேன்வா போன்ற செயலிகளில் ஆயத்த வடிவங்கள் குவிந்து கிடக்கின்றன. பெயரையும் தேதியையும் மாற்றினால் அழைப்பிதழ் தயார்.

ஆனால், அச்சாகி வந்த அழைப்பிதழில் மணமக்கள் படம் மங்கியிருந்தது. புலனத்தில் அனுப்பும்போது படத்தின் அளவு சுருங்கிவிடும். திரையில் தெளிவாகத் தெரிவது தாளில் தெளியாது. அச்சகத்தில் வேறு மென்பொருளில் திறந்ததால், ‘கோயில்’ என்ற சொல்லில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். அச்சுக்குப் போகுமுன் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. நான் கேட்ட கட்டணத்தில் இந்த வேலைகளும் அடங்கியிருந்தன.

கருவியையே கலைஞர் என்று எண்ணுவது நம் உறவினர்கள் மட்டுமல்ல. அமெரிக்காவின் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் 2013இல் தன் முழுநேரப் புகைப்படக் கலைஞர்கள் அனைவரையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டு, செய்தியாளர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி கொடுத்தது. நீக்கப்பட்டவர்களில் புலிட்சர் பரிசு பெற்ற ஜான் ஒயிட்டும் ஒருவர்.

செயலிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளித் தமிழ்க் கழகத்துக்கும் வீட்டிலிருந்தே பலகாரம் விற்கும் அக்காவுக்கும் அவை பேருதவி. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால், எங்களைப் போன்ற புதியவர்களுக்கு அழைப்பிதழ், பிறந்தநாள் படங்கள், கோயில் திருவிழாப் பதாகை போன்ற சிறு வேலைகளே முதல் படி. அந்தப் படியில் நின்றுதான் வாடிக்கையாளரிடம் பேசவும், தவற்றைத் திருத்தவும், நேரத்துக்கு முடிக்கவும் பழகுகிறோம். அந்தப் படி இல்லையென்றால் நாளைய தேர்ந்த கலைஞர்கள் எங்கிருந்து வருவார்கள்?

இலவசமாகக் கிடைப்பதற்குப் பின்னாலும் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற ‘இணைமதி’ தமிழ் எழுத்துருவை வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். அந்த எழுத்துகளைப் பயன்படுத்தும் நமக்கு அந்த உழைப்பு கண்ணில் படுவதில்லை.

இத்துறைக்கு வரும் தம்பி தங்கைகளே, “சும்மா செஞ்சு கொடு” என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், அச்சுக்கு ஏற்ற கோப்பு தருவீர்களா, தமிழைச் சரிபார்ப்பீர்களா என்பதையெல்லாம் எழுதிக் காட்டி விலை சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சிலர் போய்விடுகிறார்கள், சிலர் யோசித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பிள்ளையை இத்துறையில் படிக்க வைக்கக் கட்டணம் கட்டுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை விலை சொல்லும்போது, “எதற்கு இவ்வளவு?” என்பதோடு நிறுத்தாமல், “இதில் என்னென்ன செய்வாய்?” என்றும் கேளுங்களேன்.