தோளுக்கும் வேண்டும் வைத்தியம்

தவளைக்கு மூளை நரம்புகள் 10 இணை, மனிதனுக்கு 12. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இப்பட்டியலில் 11ஆவதை நான் இனி மறக்க மாட்டேன். தோளைத் தூக்கும் தசையை இயக்குவது அதுதான்.

விஸ்வநத்தத்தில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த என் பெரியம்மாவுக்கு, வெற்றிலையோடு போட்ட புகையிலையால் வாயில் புற்று. கழுத்திலும் அறுத்து நெறிக்கட்டிகளை அகற்றினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் வலத்தோள் தாழ்ந்தது. தலை வாரக் கை எழவில்லை. "ஆபரேசன்னா அப்படித்தான்" என்றே வீட்டில் எல்லோரும், விலங்கியல் படிக்கும் நானுந்தான், நம்பியிருந்தோம்.

முற்காலத்து முழு அறுவையில் அந்த நரம்பையும் சேர்த்தே எடுத்தனர். இன்று இயன்றவரை காக்கிறார்கள். எனினும் இழுபட்ட நரம்பு தேற மாதங்கள் ஆகும். அதற்குள் அசையாத தோள்மூட்டு இறுகிவிடும். சுவரில் விரல்களை மெல்ல ஏற்றுதல், பிறகு சிறிது சிறிதாக எடை கூட்டுதல் போன்ற பயிற்சிகள் போதும். எடைப் பயிற்சியால் தோள்வலி குறைவதைக் கனடாவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

தையல் பிரித்த அன்றே இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாகாதா? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. கழுத்து அறுவை செய்துகொண்டோர் பெயரை அறுவை செய்த மருத்துவமனையே அதற்கு எழுதி அனுப்புதல் வேண்டும். நோயாளி கேட்கட்டும் என்று இருந்தால், கேட்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

ஓராண்டு தாமதித்து, பெரியம்மா இப்போது சுவரில் கரிக்கோடு போட்டு விரல் ஏற்றுகிறார். சென்ற வாரம் கோடு ஜன்னல் கட்டைக்கு வந்திருந்தது.