லேபிள் ஒட்டினால் கணக்கு சரியாகிவிடுமா?

லேபிள் அச்சடித்தே பேர் வாங்கிய ஊர் சிவகாசி. மேலே ஒட்டியிருப்பதை வைத்து உள்ளே இருக்கும் வெடியை எடை போடக்கூடாது என்று அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். புரத ஆய்வுக்காரர்கள் சிலருக்குத்தான் தெரியவில்லை!

ஐட்ராக் என்று ஒரு முறை, 2004ல் வந்தது. நாலு பேர் ரத்தத்தின் புரதங்களை பெப்டைடுகளாக நறுக்கி, ஆளுக்கொரு ரசாயன லேபிள் ஒட்டி, ஒன்றாகக் கலந்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விடுவார்கள். நாலு லேபிளும் ஒரே எடை, 145. உள்ளே உடையும்போதுதான் 114, 115, 116, 117 என்று துண்டுகள் பிரிந்து, யாருடையது எவ்வளவு என்று காட்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை இப்படி ஒப்பிட்டார்கள். அருமையான யோசனைதான், மறுப்பதற்கில்லை.

கோளாறு எங்கே என்றால், ஒரு பெப்டைடைப் பிடிக்கும்போது கிட்டத்தட்ட அதே எடையுள்ள வேறு பெப்டைடுகளும் கூடவே மாட்டிக்கொள்ளும். அவற்றிலும் அதே லேபிள்கள். பெரும்பாலான புரதங்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், பத்து மடங்கு வித்தியாசம் நாலு மடங்காகக்கூடச் சுருங்கித் தெரியலாம். (அடுத்த கடை சரக்கையும் சேர்த்து ஸ்டாக் எடுத்தால் ஆடிட்டர் விடுவாரா?) ஹார்வர்டில் கைகி குழு 2011லேயே இதைக் காட்டி, இன்னொரு முறை உடைத்துப் பார்க்கும் மாற்று வழியையும் சொல்லிவிட்டது.

நாளைக்கே, அலுமினியத் தூளில் கிடந்து வேலை பார்க்கும் பட்டாசுத் தொழிலாளியின் ரத்தத்தையும் விருதுநகர் பருப்புக்கடைக்காரர் ரத்தத்தையும் இப்படி ஒப்பிட்டு, "பெரிய வித்தியாசமில்லை" என்று அறிக்கை வந்தால்? அந்தத் தாளோடு இழப்பீடு கேட்டு எந்த வாசலில் போய் நிற்பார்? குறுக்கீட்டை எப்படிக் கழித்தார்கள், வேறு எந்த முறையில் சரிபார்த்தார்கள் என்று எழுதாத அறிக்கையை எந்த அதிகாரியும் கையில் வாங்கவே கூடாது.