ஓய்வும் ஒரு பயிற்சி

போர்முனையிலிருந்து திரும்பியவர் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளரானால் மாணவர்களின் கதி என்ன? விடியற்காலை விசில், வசவு, மயங்கி விழும்வரை ஓட்டம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகள அணியை 24 ஆண்டுகள் நடத்திய பில் போவர்மன் இந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கினார்.

1911இல் பிறந்த போவர்மன், இரண்டாம் உலகப் போரில் 10வது மலைப் படைப்பிரிவுடன் இத்தாலிக்குப் போனார். கோவேறு கழுதைகள் மீது தளவாடங்களை ஏற்றி மலைமேல் அனுப்புவது அவர் வேலைகளில் ஒன்று. 1945இல், இத்தாலியிலிருந்த ஜெர்மானியப் படை சரணடைவதற்குச் சில நாட்கள் முன்பு, பிரென்னர் கணவாய் அருகே எதிரிகளைச் சண்டையைக் கைவிடச் செய்யப் பேச்சு நடத்தினார். வெள்ளி நட்சத்திரப் பதக்கத்துடன் மேஜராக ஊர் திரும்பினார்.

1948இல் ஓரிகனில் பொறுப்பேற்றவர் அங்கு நடைமுறைப்படுத்திய விதி எளிமையானது: ஒரு நாள் கடுமையாக ஓடினால் மறுநாள் லேசாக ஓட வேண்டும். உடம்பு வலுப்பெறுவது ஓட்டத்தில் மட்டுமல்ல, அடுத்து வரும் ஓய்விலும்தான். எவ்வளவு ஓடுகிறானோ அவ்வளவு நல்லது என்று பலரும் நம்பிய காலம் அது. தனக்குத் தெரியாமல் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்த கென்னி மூர் என்ற மாணவரை மிரட்டியே ஓய்வெடுக்க வைத்தார். அதே மூர் 1972 ஒலிம்பிக் மராத்தானில் நான்காவதாக வந்தார். போவர்மனின் அணி தேசியக் கல்லூரிப் பட்டத்தை நான்கு முறை வென்றது.

1962இல் நியூசிலாந்து சென்றபோது, எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒருவருக்கு ஈடுகொடுத்து ஓட முடியாமல் அவருக்கே மூச்சிரைத்தது. ஊர் திரும்பியதும் சாதாரண மக்களை மெல்லோட்டத்துக்கு அழைத்தார். இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் அவர் வெளியிட்ட 'ஜாகிங்' புத்தகம் அமெரிக்கர்களைத் தெருவில் ஓட வைத்தது.

1964இல் தன் பழைய மாணவர் பில் நைட்டுடன் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஒரு காலணி வியாபாரம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் 'நைக்கி' ஆனது. மனைவியின் வாஃபிள் அச்சில் ரப்பரை வார்த்து, பிடிமானமுள்ள புதிய அடிப்பகுதியை உருவாக்கினார். அச்சு பாழானதுதான் மிச்சம் என்று வீட்டில் நினைத்திருக்கலாம். கம்பெனிக்கு அதுவே மூலதனம்.

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் அவர் அமெரிக்கத் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளர். செப்டம்பர் 5ஆம் தேதி விடியுமுன், பயங்கரவாதிகளிடமிருந்து தப்பிய இஸ்ரேலிய நடைப்போட்டி வீரர் ஷால் லடானி வந்து கதவைத் தட்டினார். சிறுவயதில் நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்தவர் அவர். போவர்மன் உடனே அமெரிக்கத் தூதரக அதிகாரிகளைத் தொடர்புகொண்டு, தன் வீரர்களுக்கு மரைன் படைக் காவல் கேட்டார். ஒலிம்பிக் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. அந்தத் தாக்குதலில் 11 இஸ்ரேலியர்கள் கொல்லப்பட்டார்கள்.

காற்றோட்டமில்லாத பட்டறையில் காலணி ஒட்டியபோது சுவாசித்த பசையின் நச்சு, அவருடைய கால் நரம்புகளைக் கெடுத்தது. 1999 டிசம்பரில், 88வது வயதில் இறந்தார். ஊரையே ஓட வைத்தவரால் கடைசிக் காலத்தில் ஓட முடியவில்லை. மாணவர்களின் உடம்பை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டவர், தன் உடம்புக்கு மட்டும் அந்த விதியைப் பின்பற்றவில்லை.