திண்ணையில் நின்ற மடிக்கணினி

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 2012-இல். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே அறை. பாதியைத் தறி அடைத்துக்கொள்ளும். அரசுப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியை வைக்க மேசை இல்லாமல், தறிக்குழி ஓரம் தரையில் வைத்தேன். "பாவுல படாம வைடா" என்றார் அப்பா.

இணைய இணைப்பு கிடையாது. செல்போனுக்கு டாப்-அப் போட்டு, கேபிளில் மாட்டி, ஒரு பக்கம் திறக்கக் காத்திருக்க வேண்டும். அப்படித் திறந்த ஒரு பக்கத்தில்தான் ஜக்கார்டு பற்றிப் படித்தேன். 1804-இல் பிரான்சில் அவர் உருவாக்கிய தறியில் துளையிட்ட அட்டைகளே டிசைனைத் தீர்மானித்தன. துளை இருந்தால் பாவு நூல் எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. கணினிக்கு முன்னோடியான தன் இயந்திரத்துக்கு சார்லஸ் பாபேஜ் அந்த அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தேன். அதே அட்டைகள் அப்பாவின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன.

கணினியின் மூதாதையை மிதித்து ஓட்டிய குடும்பத்துக்குக் கணினி வர அரசுத் திட்டம் தேவைப்பட்டது ஏன்? 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தொலைபேசியும் கணினி வாங்கக் காசும் இருந்தவர்களே அந்தப் 'பொதுமக்கள்'. தலைமுறைகளாகப் படிப்பும் உத்தியோகமும் யாரிடம் இருந்தனவோ, அவர்கள் வீட்டுக்குத்தான் அது முதலில் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் நமக்கு முன்பே தட்டிப் பழகியதற்குத் 'தகுதி' என்று பெயர். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டத்தில் நமக்கு வந்ததற்கு 'இலவசம்' என்று பெயர்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். என் வகுப்பில் அதே நாளில் அதே மடிக்கணினியை வாங்கிய நண்பன் ஒருவன், சேரியிலிருந்து வருபவன். தமிழில் தட்டச்சு செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்தவனை என் பாட்டி திண்ணையோடு நிறுத்திவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. அரசு சமமாகக் கொடுத்தது. எங்கள் வாசல் சமமாக இல்லை.

1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டதால் பெரியார் வெளியேறினார். அவர் கேட்டது சலுகை அல்ல, பங்கு. மடிக்கணினியும் பங்குதான்.

தோழர்களே, இனி யாராவது 'இலவசம்' என்று ஏளனம் செய்தால், அவர்கள் வீட்டு முதல் கணினி எத்தனை தலைமுறைச் சேமிப்பில் வந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நம் வீட்டுத் திண்ணையில் யார் நிற்கிறார்கள் என்றும் திரும்பிப் பாருங்கள்.