பள்ளியும் துட்டி கேட்க வேண்டும்

2024 மே 17 பிற்பகல் தென்காசி மாவட்டத்துப் பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. கோடை விடுமுறையில் உறவினர்களோடு குளிக்க வந்திருந்த 17 வயது மாணவரை அது அடித்துச் சென்றது. அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. பாதுகாப்பு பற்றி நிறையப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஜூன் 10 அன்று தமிழகமெங்கும் பள்ளிகள் திறந்தன. விடுமுறையில் ஒரு தோழனைப் பறிகொடுத்த வகுப்பு அன்று காலை எப்படி உட்கார்ந்திருக்கும், ஆசிரியர் என்ன சொல்லித் தொடங்குவார் என்பதெல்லாம் செய்தியாவதில்லை.

தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே துட்டி கேட்கப் போகும். பேச வராதவர்கூடத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். பதினாறாம் நாள் காரியம் வரை அந்த வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். இந்தப் பழக்கம் பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம், சில சமயம் ஒருநாள் விடுமுறை, அப்புறம் வழக்கமான பாடம்.

அரசு கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு 75,000 ரூபாய் உதவி உண்டு. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. 14416-ஐ அழைத்தால் மனநல ஆலோசனையும் கிடைக்கும். உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பது பள்ளிக்குத் தெரியும். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு வகுப்புக்குத் திரும்பும் பையனிடம் என்ன பேசுவது என்பதை ஆசிரியருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 பிள்ளைகள் தீயில் மாண்டபின் பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின் பழைய கட்டடங்கள் சோதிக்கப்பட்டன, இடிக்கப்பட்டன. இரண்டும் அவசியமான வேலைகள். ஆனால் உடன் படித்தவன் சாவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அவை போதாது.

வழி தெரியாத மாநிலமும் அல்ல இது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிபுணர்கள் தமிழகக் கடலோரத்தில் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் மனநல ஆதரவுப் பயிற்சி தந்தார்கள். அயர்லாந்தில் தேசியக் கல்வி உளவியல் சேவை இதற்கென வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. துயரம் நேரும் முன்பே பள்ளியில் ஒரு குழு அமைத்து, வேலைகளைப் பிரித்து வைக்கச் சொல்கிறது அது. அங்கே உளவியலாளர் வந்தாலும் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கே துணை நிற்கிறார். பிள்ளைகளுக்கு அறிந்த முகம்தான் தெம்பு.

அந்த அறிந்த முகமும் அழுதிருக்கும் என்பதைப் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. முந்தின நாள் மாணவனின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்த வகுப்பாசிரியர், மறுநாள் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டும். சக ஆசிரியர் இறந்தாலோ, அவருடைய பாடவேளைகளைப் பங்கு போடுவதுதான் முதல் வேலை.

சாரலோடு பள்ளியும் திறக்கும் ஊர் தென்காசி. 2019 முதல் தனி மாவட்டம். தனக்கென முதன்மைக் கல்வி அலுவலகமும் உண்டு. ஜூனுக்கு முன் ஒரே ஒரு பக்க வழிகாட்டி ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசைக்கும் போகட்டும். வீட்டுக்கு யார் போவது, வகுப்பில் யார் எந்தச் சொற்களில் சொல்வது, அன்று வகுப்பாசிரியருக்குப் பதில் யார் நிற்பது, மாதம் கழித்து அந்தப் பிள்ளையை யார் மறுபடி விசாரிப்பது என்பவற்றை அதில் எழுதிவிடலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.